குழாய் வழிச் சாப்பாடு கண்ணுக்குப் போய்ச் சேருதா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மாமனாருக்கு மூக்கில் குழாய். கஞ்சியோ, பாலோ, டின் பவுடர் கரைசலோ நேரம் தவறாமல் சிரிஞ்சில் ஊற்றுகிறீர்கள். வயிறு நிறைகிறது, எடையும் பரவாயில்லை. கண்ணுக்கு என்ன போகிறது என்று யோசித்தீர்களா?

'கண்ணுக்குன்னு தனியா சாப்பாடா?' என்று சிரிக்காதீர்கள். விழித்திரையின் நடுவில் 'மேக்குலா' என்று ஒரு சின்ன இடம். எழுத்தைப் படிப்பதும், பேரக்குழந்தையின் முகத்தை அடையாளம் காண்பதும் அதன் தயவில்தான். அந்த இடம் மஞ்சளாக இருக்கும். லூட்டீன், ஸியாக்ஸாந்தின் என்ற தாவர நிறமிகள்தான் காரணம். கண்ணுக்குள் வரும் நீல ஒளியை இவை கூலிங் கிளாஸ் மாதிரி மட்டுப்படுத்துகின்றன. உடம்பு இவற்றைத் தானாகத் தயாரிக்காது. முருங்கைக்கீரை, பசலை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள் கரு என்று சாப்பிட்டால்தான் உண்டு.

இங்கேதான் சிக்கல். குழாய் அடைத்துக்கொள்ளுமே என்று கீரையை வேகவைத்து, வடிகட்டி, தண்ணீரை மட்டும் ஊற்றுகிறோம். லூட்டீனோ தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆக, பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது! டின் பவுடர்களிலும் எல்லாவற்றிலும் இது இருப்பதில்லை. 'அதான் வைட்டமின் ஏ போட்டிருக்கே' என்கிறீர்களா? அது வேறு, இது வேறு. லேபிளை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

சரி, மாத்திரை வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 4,000 பேரிடம் நடந்து, 2013-ல் வெளியான 'ஏரெட்ஸ்-2' ஆய்வில் தினமும் 10 மி.கி. லூட்டீனும் 2 மி.கி. ஸியாக்ஸாந்தினும் கொடுத்தார்கள். எல்லோரும் முதுமையில் வரும் மேக்குலா தேய்மானம் முற்றும் அபாயத்தில் இருந்தவர்கள். மொத்தமாகப் பார்த்தால் கூடுதல் லாபம் இல்லை. ஆனால், உணவில் இந்த நிறமிகள் ரொம்பக் குறைவாகக் கிடைத்தவர்களிடம் பலன் தெரிந்தது. குழாய் உணவுக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வல்ல என்றாலும், டாக்டரிடம் கேட்க இது போதுமான காரணம்.

கேட்கும்போது இதையும் சொல்லுங்கள். மாமனார் முன்பு சிகரெட் பிடித்தவரா? அப்படியானால் பீட்டா கரோட்டின் கலந்த கண் மாத்திரை கூடாது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? திடீரென்று கீரையை அரைத்து ஊற்றினால் மருந்தின் வேலை கெடும். எண்ணெய் கேப்ஸ்யூலை நீங்களாகவே ஊசியால் குத்திக் குழாயில் பிழியாதீர்கள். எண்ணெய் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வேகவைத்த மஞ்சள் கருவைப் பாலில் மைய அரைத்துக் கொடுக்கலாமா என்று டயட்டீஷியனைக் கேளுங்கள். கொடுத்தால், குழாயைத் தண்ணீர் விட்டு அலச மறக்காதீர்கள்.

இன்னொன்று. இன்று ராத்திரி அவர் தூங்கும்போது இமைகள் முழுசாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகும். அதற்கு எந்த நிறமியும் உதவாது. மறுநாளே கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.