லினக்ஸ் கணினியில் தமிழும் அரபியும்: விசைப்பலகையை அமைப்பது எப்படி?



முதன்முதலில் அருளப்பட்ட இறைவசனங்களிலேயே அல்லாஹ் எழுதுகோலைக் குறிப்பிடுகிறான் (96:4). இன்று நம் பிள்ளைகளின் எழுதுகோல் விசைப்பலகை. ஆனால் ஜனாஸா அறிவிப்பைக்கூட ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டி அனுப்பவே நம்மில் பலர் பழகிவிட்டோம். கணினியில் இயல்பாக ஆங்கிலம் மட்டும் அமைந்திருக்கிறது. அதை நாம் மாற்றாமல் விட்டுவிடுகிறோம். மாற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும்.

பழைய கணினிகளிலும் பலர் இலவசமாக நிறுவும் உபுண்டு லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் திரைச்சூழலின் பெயர் க்னோம். ‘செட்டிங்ஸ்’ சென்று ‘கீபோர்டு’ பகுதியைத் திறந்தால் ‘இன்புட் சோர்சஸ்’ என்ற பட்டியல் இருக்கும். அங்குள்ள கூட்டல் குறியை அழுத்தித் தமிழையும் அரபியையும் சேர்க்கலாம். பிறகு சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னமுள்ள விசைதான்) ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். இப்போது எந்த மொழி என்பதை மேல்பட்டையில் உள்ள குறி காட்டும்.

தமிழுக்குத் ‘தமிழ்99’ முறையைப் பரிந்துரைக்கிறோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ‘க’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘கி’ வந்துவிடும். பட்டியலில் இது இல்லையென்றால் ‘ஐபஸ் எம்17என்’ என்ற மென்பொருளை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் கிடைக்கும்.

அரபியில் ஒரு கவனம் தேவை. உர்தூ விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து அரபி எழுதக்கூடாது. இரண்டிலும் காஃப், யா ஆகிய எழுத்துகள் சொல்லின் நடுவில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், யூனிகோடில் அவற்றின் எண்கள் வேறு வேறு. அப்படித் தட்டிய ஆயத்தைப் பின்னர் தேடினால் கிடைக்காமல் போகலாம். இறைவசனத்தை எழுதும்போது எழுத்தும் சரியாக இருக்கவேண்டும் அல்லவா?

அடுத்தது, பட்டியலின் வரிசை. ஆங்கிலத்தையே முதலிடத்தில் வையுங்கள். அரபி அமைப்பில் இருக்கும்போது கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் புள்ளிகள்தான் தெரியும். உள்ளே போவதோ அரபி எழுத்து. சரியான சொல்லையே ‘தவறு’ என்று கணினி மறுக்கும். பிள்ளைகள் பயந்துபோய், கணினி கெட்டுவிட்டது என்பார்கள். அப்போது மொழிக் குறியைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும்.

கட்டுரை ஒரு சாளரத்தில் தமிழிலும், குறிப்பு மற்றொன்றில் அரபியிலும் எழுதுவோருக்கு, ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி வைக்கும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு.

தமிழை அரபி எழுத்தில் எழுதி, அதற்கெனப் புதிய எழுத்துகளையும் உருவாக்கி, அரபுத் தமிழில் நூல்கள் படைத்தவர்கள் நம் முன்னோர். அவர்களின் வாரிசுகளுக்குத் தமிழும் அரபியும் விசைப்பலகையில் அந்நியமாக இருக்கலாமா? இந்த விடுமுறையில் வீட்டுக் கணினியை அமைத்துக் கொடுங்கள். பிள்ளைகள் முதலில் பாட்டனார், பாட்டியின் பெயரைத் தமிழில் தட்டிப் பழகட்டும்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.