பிரமிட்டுகளைக் கட்டியது யார்? மெரரின் குறிப்பேடு சொல்லும் பதில்

பிரமிட்டுகளைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகளே என்று 2020 ஜூலை 31ஆம் திகதி எலான் மஸ்க் டுவிட்டரில் எழுதினார். கட்டியவர்களின் கல்லறைகளை வந்து பார்க்குமாறு எகிப்திய அமைச்சர் ரானியா அல்-மஷாத் அவரை அழைத்தார்.

இந்தக் கதை புதியதல்ல. பண்டைய தெய்வங்கள் விண்வெளியிலிருந்து வந்தவர்களே என்ற கருத்தை 1968இல் எரிக் வொன் டேனிகனின் நூல் உலகெங்கும் பரப்பியது. இன்று அதையே யூடியூப் காணொளிகள் சொல்கின்றன. இவற்றை எப்படி எடைபோடுவது?

முதலில், தவறுகளைத் தேட வேண்டும். தஹ்ஷூரில் மன்னர் ஸ்னெஃப்ரு கட்டிய பிரமிட்டு சுமார் 54 பாகை சாய்வில் எழத் தொடங்கியது. கட்டுமானம் உறுதியிழக்கவே, பாதிக்கு மேல் சாய்வை 43 பாகையாகக் குறைத்தார்கள். அந்த வளைவை இன்றும் காணலாம். அடுத்த பிரமிட்டை அடியிலிருந்தே குறைந்த சாய்வில் கட்டினார்கள். அதன் பின்னரே ஸ்னெஃப்ருவின் மகன் குஃபு, கீஸாவில் 146 மீற்றர் உயரப் பெரிய பிரமிட்டை எழுப்பினார். விண்வெளியைக் கடந்து வந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

அடுத்து, எழுத்துச் சான்று. 2013இல் செங்கடலோரம் வாடி அல்-ஜார்ஃபில் பியர் தலேயின் குழு பப்பிரஸ் சுவடிகளைக் கண்டெடுத்தது. குஃபு காலத்து மேற்பார்வையாளர் மெரரின் குறிப்பேடும் அவற்றில் இருந்தது. துரா சுரங்கத்தில் சுண்ணக்கல் ஏற்றியது, நைல் வழியே கீஸாவுக்குக் கொண்டுசென்றது, இரவு தங்கிய இடம் என எல்லாம் நாள்வாரியாகப் பதிவாகியுள்ளன. கீஸாவில் தொழிலாளர் குடியிருப்பும் வெதுப்பகங்களும் கல்லறைகளும் தோண்டியெடுக்கப்பட்டுள்ளன. முறிந்து பின் பொருந்திய எலும்புகளும் அங்கு கிடைத்தன.

தெய்வங்களின் விலங்குத் தலைகள்? அனூபிஸ் சில இடங்களில் நரித்தலை மனிதர், வேறு இடங்களில் முழு நரி. தோத் ஒருமுறை அரிவாள்மூக்கன் பறவை, இன்னொருமுறை பபூன் குரங்கு. நேரில் கண்ட ஒருவரின் உருவம் இப்படி மாறாது. இவை தெய்வத்தின் இயல்பைச் சொல்லும் குறியீடுகள். பாலைவன இடுகாடுகளைச் சுற்றி நரிகள் திரிந்தன. இறந்தோரின் காவலருக்கு அந்த உருவமே பொருந்தியது.

அபிடோஸ் கோயிலின் 'ஹெலிகொப்டர்' கதையும் இப்படித்தான். முதலாம் சேத்தியின் எழுத்துகளைச் சாந்தால் மூடி, அதன்மேல் இரண்டாம் ராம்சேஸின் எழுத்துகளைச் செதுக்கினார்கள். சாந்து உதிர்ந்ததும் இரண்டும் கலந்து தெரிகின்றன.

கற்களை மேலேற்றிய சாய்தளத்தின் வடிவம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் 'எப்படி' என்ற கேள்வி முடியாததால் 'யார்' என்பது மர்மமாகிவிடாது. ஐரோப்பாவின் பேராலயங்களைக் கட்டியது யார் என்று எவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. ஆபிரிக்க மண்ணில் கல் சுமந்தவர்களின் உழைப்பை மட்டும் ஏன் வேறு கிரகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்?