விண்வெளியும் வேட்டுச் சத்தமும்



“ஹஸ்ரத், பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடலாமா, கூடாதா?” என்று கேட்கும் வாப்பாமாரிடம், “எந்த கேம்?” என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு. பெரும்பாலும் பதில் வராது. “ஏதோ சுடுற கேம்” என்பார்கள். ஒரு பொருளின் தன்மையை அறியாமல் அதற்கு ஹுக்மு சொல்லக் கூடாதென்பது அரபுக் கல்லூரியில் முதல் வகுப்புகளிலேயே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. ஆகவே பழையதும் புதியதுமாகச் சில கேம்களை நானே உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். “மௌலவிக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

விளையாட்டு என்பதே ஆகாது என்று சொல்ல முடியாது. பெருநாள் தினத்தில் மஸ்ஜிதுன் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் பார்க்கச் செய்தார்கள். அது ஆயுத விளையாட்டுத்தான் என்பதையும் கவனியுங்கள். எனவே சுடுவது, தாக்குவது என்ற சொல்லைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. யாரைச் சுடச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1978இல் ஜப்பானின் டைட்டோ கம்பனிக்காக நிஷிகாடோ என்பவர் உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ கேமிலிருந்து தொடங்குவோம். மேலே 55 விண்வெளிப் பிராணிகள் வரிசையாக நின்று, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கும். அவை தரைக்கு வருமுன் நாம் சுட்டு வீழ்த்த வேண்டும். அவை குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமாக ஓடும். அன்றைய இயந்திரத்தின் சக்தி மிகக் குறைவு. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததும் அது தானாகவே வேகம் பிடித்தது. அதுவே விளையாட்டின் சுவையாகவும் ஆகிவிட்டது. ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொரு விஷயம். மனித உருவங்களைச் சுட வைப்பது முறையல்ல என்று கருதப்பட்டதால்தான் அந்த கேமில் வேற்றுக்கிரகப் பிராணிகள் எதிரிகளாக வந்தன. தீனின் பெயரால் எவரும் போய் அறிவுறுத்தாமலே ஒரு வியாபாரக் கம்பனிக்கு அந்தக் கூச்சம் அன்று இருந்தது!

1980இல் அட்டாரி கம்பனி வெளியிட்ட ‘மிஸைல் கமாண்ட்’, போர் கேம்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வானிலிருந்து ஏவுகணைகள் விழுகின்றன. கீழே ஆறு நகரங்கள். நீங்கள் யாரையும் தாக்குவதில்லை. விழுபவற்றை நடுவானில் தடுப்பது மட்டுமே உங்கள் வேலை. இதில் இறுதி வெற்றி என்பதே கிடையாது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கடைசியில் நகரங்கள் அழிந்தே தீரும். அப்போது திரையில் ‘முடிவு’ என்ற சொல் பெரிதாகத் தோன்றும். இதை உருவாக்கிய டேவ் தூரர், அந்த நாட்களில் அணுகுண்டு விழுவதாகக் கனவு கண்டு திடுக்கிட்டு விழித்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். போரின் பயங்கரத்தைப் பிள்ளைக்கு உணர்த்தும் கேம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

1984இல் வந்த ‘எலைட்’ வேறு ரகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 32 கிலோபைட் நினைவகமுள்ள ஒரு கொம்பியூட்டருக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களையும், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்களையும் அடக்கிக் காட்டினார்கள். அத்தனையையும் எழுதி வைக்கவில்லை. ஒரு கணக்குச் சூத்திரம் தேவையான நேரத்தில் அவற்றைப் பிறப்பிக்கும். கையில் ஒரு விண்கலமும் 100 கிரெடிட் பணமும் தந்து, “போ, வியாபாரம் செய்” என்று விட்டுவிடுவார்கள். உணவு, துணி, இயந்திரம் என்று ஒரு கிரகத்தில் வாங்கி இன்னொன்றில் விற்கலாம். அடிமைகள், போதைப்பொருள், துப்பாக்கிகள் ஆகியவற்றைக் கடத்தினால் பொலிஸ் துரத்தும். மதுபானம் விற்றாலோ கேட்பாரில்லை! நமக்கு அதுவும் ஹராம்தானே. இந்த கேமை மகன் விளையாடினால் பக்கத்தில் இருந்து, “மகன், எதை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்?” என்று கேளுங்கள். கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.

விண்வெளியில் துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களுக்கு ‘கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ இருக்கிறது. மெக்ஸிகோவில் உருவாகி, 2015இல் முழு வடிவில் வந்தது. ரொக்கட்டை நாமே பூட்டி ஏவ வேண்டும். ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், நம் பாதை உயர்ந்து நாம் பின்தங்கிவிடுவோம். வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால்தான் எட்டிப் பிடிக்க முடியும். பெளதிகம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கேமை நான் காணவில்லை.

இனி வேட்டுச் சத்தத்துக்கு வருவோம். 2004 நவம்பரில் ஈராக்கின் பல்லூஜா நகரில் பெரும் சண்டை நடந்தது. மஸ்ஜித்களின் நகரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. அந்தச் சண்டையையே ‘சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா’ என்ற கேமாக ஆக்கினார்கள். 2009இல் எதிர்ப்புக் கிளம்பவே, வெளியிடவிருந்த கொனாமி கம்பனி விலகிக்கொண்டது. 2021இல் அது மீண்டும் தலைகாட்டியபோது, அமெரிக்க முஸ்லிம்களின் ‘கெயார்’ அமைப்பு, இதை விற்க வேண்டாமென்று பெரிய கம்பனிகளைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் 2023இல் விற்பனைக்கு வந்துவிட்டது. அங்கே கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று வாலிபர்கள். தன் வாப்பா மௌத்தான தெருவில் துப்பாக்கியோடு நடந்துபோவதை ஒருவன் பொழுதுபோக்காகச் செய்கிறான் என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படியிருக்கும்? ஸ்பேஸ் இன்வேடர்ஸ் காலத்துக் கூச்சம் எங்கே போயிற்று? இந்த கேம் நம் வீட்டுக்குள் வேண்டாம் என்பதே என் கருத்து. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

நம் பிள்ளைகளின் போன்களில் இருப்பது அதுவல்ல, பப்ஜி. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியில் மிஞ்சுபவர் வெல்லும் ஆட்டம். 2020இல் அதில் புதிதாக ஒரு காட்டுப் பகுதியைச் சேர்த்தார்கள். அங்கிருந்த சிலைகளுக்கு முன் வணங்குவதுபோல் நின்றால் ஆட்டக்காரருக்குப் பலம் கிடைக்கும்! அரபு நாடுகளில் எதிர்ப்பு எழவே, கம்பனி மன்னிப்புக் கேட்டு அதை நீக்கிவிட்டது. நம்மில் எத்தனை பெற்றோருக்கு இது தெரிந்திருக்கும்? முதலில் கண்டவர்கள் அதை விளையாடியவர்கள்தாம். ஆகவே, “மகன், இன்று கேமில் புதிதாக என்ன வந்திருக்கிறது?” என்று கோபமில்லாமல் கேட்டு வையுங்கள். ஏச்சு விழும் என்று தெரிந்தால் பிள்ளை வாய் திறக்காது.

தொழுகை விஷயத்திலும் இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்வது அவசியம். எலைட், கேர்பல் போன்றவற்றைப் பாங்கு சொன்னவுடன் நிறுத்தி வைத்துவிட்டு, தொழுதுவிட்டு வந்து தொடரலாம். பப்ஜியில் அது முடியாது. ஓர் ஆட்டம் கடைசிவரை போனால் சுமார் அரை மணி நேரம் எடுக்கும். கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடும்போது நடுவில் எழுந்து போனால் அவர்களும் சேர்ந்து தோற்கக்கூடும். “இப்ப விட ஏலாது உம்மா” என்று மகன் சொல்வது வெறும் சாக்கல்ல. அதனால் பாங்கு சொன்ன பிறகு போனைப் பிடுங்கிச் சண்டை போடுவதில் பயனில்லை. பேச வேண்டியது ஆட்டம் தொடங்குமுன். இஷாவுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது, மகன் “ஒரே ஒரு மெச்” என்கிறானா? கடிகாரத்தைக் காட்டி அவனையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.