ஹெல்பர்கள் பெருகும்போது

இணையக் கடை ஒன்றில் ஆர்டரைத் திறந்தால் ‘நாளை வந்து சேரும்’ என்று பச்சை எழுத்தில் தெரிகிறது. தரவுத்தளத்தில் இருப்பதோ ஒரு தேதியும் ஒரு நிலைக்குறியும்தான். அதைப் படிக்கத்தக்க வரியாக்கும் சில்லறை வேலை யாருடையது?

டேவிட் ஹைன்மையர் ஹான்சன் 2004-ல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையச் சட்டகத்தில் இதைச் செய்பவை ‘ஹெல்பர்கள்’. ஆர்டரைக் கொடுத்தால் எச்டிஎம்எல் துண்டைத் திருப்பித் தரும் சிறு மெத்தட்கள். சின்னத் தளத்துக்கு அதுவே போதும்.

தளம் வளரும்போதுதான் தலைவலி. ஹெல்பர்களைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதினாலும், ரெயில்ஸ் அவற்றை வழக்கமாக எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவில் திறந்துவிடுகிறது. ஆர்டருக்கென ஒருவர் ‘ஸ்டேட்டஸ் லேபிள்’ எழுத, பணம் திருப்பித் தரும் பகுதிக்கு இன்னொருவரும் அதே பெயரில் எழுதினால், பின்னால் ஏற்றப்பட்டது முன்னதை மறைத்துவிடும். பிழைச் செய்தி வராது. பக்கத்தில் தப்பான சொல் மட்டும் தெரியும். போதாக்குறைக்கு ஆர்டர், வாடிக்கையாளர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு மெத்தடுக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

‘டெக்கரேட்டர்’ இதற்கு ஒரு மாற்று. 1994-ல் நால்வர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலிலேயே இருக்கும் யோசனை. ஆர்டர் ஆப்ஜெக்டுக்கு மேலுறை போல இன்னொரு ஆப்ஜெக்ட்: விலையைக் கேட்டால் உள்ளே அனுப்பிவிடும், ‘நிலை வாசகம்’ கேட்டால் தானே பதில் சொல்லும். ஆர்டரை ஒருமுறை கொடுத்தால் போதும். பெயர் மோதலும் இல்லை. ரூபி மொழியோடு வரும் ‘சிம்பிள் டெலிகேட்டர்’ இந்த உறையைச் சில வரிகளில் முடித்துவிடும். இதற்கென ‘டிரேப்பர்’ என்ற ஜெம்மும் (ரூபி நிரல் தொகுப்பு) உண்டு.

நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் இன்னும் ஒரு படி போனது. அது உருவாக்கிய ‘வியூகாம்பொனன்ட்’டில் ரூபி கிளாஸும் டெம்ப்ளேட்டும் ஜோடியாக வாழ்கின்றன. என்னென்ன தகவல் தேவை என்பதை அந்த கிளாஸே தொடக்கத்தில் கேட்டு வாங்கிவிடும். முழுப் பக்கத்தையும் ஓட்டாமல் அந்தத் துண்டை மட்டும் சோதிக்கலாம். தங்கள் நிரலில் இச்சோதனைகள் கன்ட்ரோலர் சோதனைகளைவிட 100 மடங்குக்கு மேல் வேகம் என்கிறது கிட்ஹப்.

வேடிக்கை என்னவென்றால், ஹெல்பர்களைத் தரும் ரெயில்ஸே படிவங்களுக்கு ‘ஃபார்ம் பில்டர்’ என்ற ஆப்ஜெக்டைத்தான் நெடுங்காலமாகத் தருகிறது.

இதற்காக எல்லா ஹெல்பரையும் தூக்கி எறிவது வீண் ஆவேசம். எண்ணை வாங்கி ரூபாய்க் குறியோடு திருப்பித் தரும் மெத்தடுக்கு கிளாஸ் எதற்கு? ஒரே ஆர்டரைச் சுற்றி ஏழெட்டு மெத்தட்கள் சேர்ந்து, உள்ளே ‘இஃப்’ கிளைகள் மண்டத் தொடங்கும்போது மேலுறை போட்டால் போதும்.