பெயர்களைத் தொலைக்காத தீவு

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது மொரிசியஸ். அதன் பிரதான தீவின் பரப்பளவு 1,865 சதுர கிலோமீற்றர். நமது மன்னார் மாவட்டத்தை விடச் சற்றே சிறியது. தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள் வேலிபோல் நிற்பதால், கரையோரக் கடல் அலையடங்கித் தெளிந்திருக்கும். உள்ளே சென்றால் கரும்புத் தோட்டங்களும், எரிமலைகளால் உண்டான கருங்கல் மலைகளும் தெரியும்.

உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் இக்கடற்கரைகளுக்காகவே வருகிறார்கள். ஆனால் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைகளாக ஏற்றுக்கொண்ட இரண்டு இடங்கள் அங்கே உண்டு. ஒன்று பழைய இறங்குதுறை. மற்றது ஒரு மலை. இரண்டுமே சாதாரண மக்கள் பட்ட துன்பத்தின் சாட்சிகள். அங்கு போய்வரும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாது போகலாம். ஆயினும் அவற்றைப் பற்றி அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

பதினாறு படிகள்

தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தருகே இருக்கின்றது ‘ஆப்பிரவாசி காட்’. குடிபெயர்ந்து வந்தோரின் துறை என்பது இதன் பொருள். முன்னர் இதனைக் ‘கூலி காட்’ என்றே அழைத்தார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1835 பெப்ரவரி 1ஆம் திகதி இத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்பு வெட்ட ஆட்கள் தேவைப்பட்டனர். எனவே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல்களில் கொண்டுவந்தார்கள். ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் 1834 நவெம்பர் 2ஆம் திகதி வந்திறங்கினார்கள். 1920 வரையில் இத்துறை வழியாக வந்தோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். தமிழர், தெலுங்கர், பீகாரிகள், மராத்தியர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்களே வந்தனர். பெண்கள் பின்னரே கூடுதலாக வரத் தொடங்கினர்.

கடலிலிருந்து மேலேறும் பதினாறு கற்படிகள் இன்றும் அங்கு உண்டு. மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தைகளோடும் அம்மக்கள் ஏறிய படிகள் அவை. கட்டடங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய சமையற்கூடம், வைத்தியசாலைப் பகுதி ஆகியவற்றைப் பார்க்கலாம். 2006இல் இவ்விடம் உலக மரபுரிமை ஆயிற்று. நவெம்பர் 2 அந்நாட்டில் அரச விடுமுறை தினம்.

ஒளிந்திருந்தோரின் மலை

தென்மேற்குக் கரையில் கடலை ஒட்டி 556 மீற்றர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது லெ மோர்ன் மலை. ஆபிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளுள் தப்பியோடியவர்கள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த பொலிஸாரைத் தம்மைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, அவர்கள் மலையிலிருந்து குதித்து இறந்தனர் என்று அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். 2008இல் இதுவும் உலக மரபுரிமை ஆயிற்று. ஒவ்வொரு பெப்ரவரி 1ஆம் திகதியும் மக்கள் மலையடிவாரத்தில் கூடி முன்னோரை நினைவுகூருகின்றனர்.

அடிமைகள் தம் துயரை ஆற்ற ஆடிப்பாடிய ‘செகா’ இன்று அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய கலை. ஆட்டுத்தோல் போர்த்திய ‘ரவான்’ என்ற பறையின் தாளத்திற்கு ஆடுவார்கள்.

சோலையும் கோயிலும் சாப்பாடும்

பம்பிள்மூஸ் என்னும் ஊரில் பழைமையான தாவரவியற் பூங்கா உண்டு. சுளகு போல விளிம்பு உயர்ந்த பெரிய இலைகளையுடைய அல்லிகளை அதன் குளத்தில் காணலாம். நமது நாட்டில் வளரும் தாளிப்பனையும் அங்கே நிற்கிறது. வாழ்நாளில் ஒரேயொரு தடவை பூத்துக் காய்த்து மடியும் மரம் அது.

தைப்பூசக் காவடி அந்நாட்டின் அரச விடுமுறை தினம். காவடி முடிந்தபின் வாழையிலையில் ஏழு கறிகளோடு சோறு பரிமாறுவார்கள். அங்குள்ள தமிழர் பலர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. ஆனாலும் நாணயத்தாள்களில் தமிழ் எழுத்தைக் காணலாம். தெருவோரங்களில் விற்கும் ‘தால் பூரி’, அவித்தரைத்த பருப்பை உள்ளே வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி. கூலிகளோடு கப்பலில் வந்த உணவு இன்று எல்லா இனத்தவரும் விரும்பி உண்ணும் உணவாகிவிட்டது.

1968 மார்ச் 12ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றபோது முதற் பிரதமரானவர் சீவுசாகுர் ராம்கூலம். அவரது தந்தை பீகாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர்.

பெயரேடுகள்

இவையெல்லாவற்றையும் விட நம் மனதைத் தொடுவது வேறொன்று. மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்தில், வந்திறங்கிய கூலிகளின் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். பெயர், வயது, சொந்த ஊர், வந்த கப்பல், அனுப்பப்பட்ட தோட்டம் எல்லாம் அதில் உண்டு. பிற்காலத்தில் வந்தோர் பலரின் புகைப்படங்களும் உள்ளன. எழுதியவர்களின் நோக்கம் கூலிகளைக் கட்டுப்படுத்துவதே. ஆனால் இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே சென்று தம் பூட்டியின் பெயரையும் அவள் பிறந்த ஊரையும் தேடிக் கண்டறிகின்றனர். ஒரு கொடுமையான கணக்கேடு, பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பத்தின் ஆவணமாகிவிட்டது.

அதே நூற்றாண்டில் நமது மலையக மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் மாண்டோர் பலர். 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து அவர்களை நினைவுகூர்ந்தனர்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நாமும் எத்தனையோ பத்திரங்களையும் படங்களையும் இழந்துவிட்டோம். ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்குவோம். தாய், தந்தை, பாட்டன், பாட்டி பெயர்கள், பிறந்த ஊர், இருந்த காணி, இருந்த முகாம்கள், போன திகதிகள் எல்லாவற்றையும் எழுதுவோம். இறந்தவர்களின் பெயரை எழுதுவோம். காணாமற்போனவரைக் கடைசியாக எங்கே, எப்போது, யாருடன் கண்டோம் என்பதையும் எழுதுவோம். எழுத முடியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைப்பது நல்லது. நாளைக்கு நம் பேரப்பிள்ளை ஒன்று, “அம்மம்மா, நாங்கள் எந்த ஊர்?” என்று கேட்டால் அந்தக் கொப்பியைக் கையில் கொடுக்கலாம்.