உறுப்பு தானம்: கையெழுத்துப் போட்ட பிறகு என்ன நடக்கிறது?

எஸ்.பி.எம். மாணவர்களிடம் ‘உறுப்பு தானம்’ என்று தலைப்புக் கொடுத்தால், பெரும்பாலும் ‘ஒருவர் எட்டுப் பேரை வாழவைக்கலாம்’ என்ற வரியோடு கட்டுரை முடிந்துவிடும். அந்தக் கருத்து சரிதான். ஆனால் பதிவு செய்வதற்கும் உறுப்பு இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதற்கும் நடுவில் என்னென்ன தடைகள் என்று எழுதினால்தானே கட்டுரைக்குக் கனம் வரும்? மூன்றை மட்டும் பார்ப்போம்.

1. நேரம்

இறந்தவர் எல்லாராலும் உறுப்பு கொடுத்துவிட முடியாது. இதயம் நின்றால் ரத்த ஓட்டமும் நின்றுவிடும். உறுப்புகள் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் உறுப்புகள் பெறப்படுகின்றன. மூளைச்சாவு வேறு, கோமா வேறு. கோமாவில் இருப்பவர் மீண்டு வரலாம். மூளைச்சாவு என்பது மரணம். அதை இரண்டு நிபுணர்கள் சோதித்து உறுதி செய்ய வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவில் இருக்கும் மருத்துவர் அதைச் செய்யக்கூடாது.

எடுத்த உறுப்பைக் குளிரில் வைத்தாலும் இதயம் ஏறக்குறைய 4 மணி நேரம், கல்லீரல் 12 மணி நேரம், சிறுநீரகம் 24 மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கும். கோத்தா கினபாலுவிலிருந்து கோலாலம்பூருக்கு விமானப் பயணமே சுமார் இரண்டரை மணி நேரம் ஆகிறது. மீதி நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

திசுக்கள் அப்படியில்லை. கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு ஆகியவற்றை இதயம் நின்ற பிறகும் சில மணி நேரத்துக்குள் எடுக்கலாம். எலும்பைப் பதப்படுத்தித் திசு வங்கியில் நீண்ட நாள் வைத்திருக்கலாம்.

2. பாதுகாப்பு

ரத்தப் பிரிவு பொருந்துகிறதா, எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, சி போன்ற தொற்று இருக்கிறதா என்று முதலில் பரிசோதிப்பார்கள். ஆனால் கிருமி புதிதாகத் தொற்றியிருந்தால் சில நாள்களுக்குச் சோதனையில் தெரியாமல் போகலாம். எல்லா நோய்க்கும் சோதனை செய்வதும் நடக்காத காரியம்.

2004-இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளையும் ரத்தக் குழாய்ப் பகுதியையும் பெற்ற நால்வர் வெறிநாய்க்கடி நோயால் இறந்தனர். கொடையாளரை வௌவால் கடித்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. ஆகவே ‘அண்மையில் எங்கே போனார், என்ன நோய் இருந்தது, ஏதாவது கடித்ததா?’ என்று குடும்பத்தாரிடம் கேட்பதும் ஒரு பரிசோதனைதான்.

பெற்றவருக்கும் சிகிச்சை அதோடு முடிவதில்லை. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுதும் மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்து நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடும்.

3. குடும்பம்

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின்படி, விரும்பியவரே முன்வந்து சம்மதிக்க வேண்டும். மைசெஜாத்தெரா செயலியிலேயே பதிவு செய்யலாம். ஆனாலும் நடைமுறையில் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்காமல் மருத்துவமனை உறுப்பை எடுப்பதில்லை. சிங்கப்பூரில் நிலைமை வேறு: மறுப்புத் தெரிவிக்காத 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள்.

துக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் போய் மருத்துவர் கேட்கும்போது, “அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே” என்றால் பதிவு இருந்தும் பயனில்லை. வீட்டில் ஒருமுறையாவது பேசியிருந்தால், அந்த நேரத்தில் அவர் முடிவெடுப்பது கொஞ்சம் எளிதாகும்.

வகுப்பில் செய்ய:

மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் பெற்றோராகவும் இந்த உரையாடலை நடத்தச் சொல்லுங்கள். “உடம்பைச் சிதைச்சிருவாங்களே”, “நம்ம சமயம் ஒத்துக்குமா?” என்ற கேள்விகள் நிச்சயம் வரும். அவற்றுக்கு மாணவர்கள் சொல்லும் பதில்களையே கட்டுரையின் கருத்துப் பத்திகளாக எழுதச் செய்யலாம்.