காட்டிக்கொடுத்த வெள்ளை

2006-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் ஓவியம் 28 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. சிவப்புப் பின்னணியில் குதிரைகள். ஓவியர் ஹைன்ரிஹ் காம்பன்டாங்க் 1914-ல் வரைந்தது என்றார்கள். வாங்கிய தரப்பு ஆய்வுக்கு அனுப்பியபோது, சாயத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 1914-ல் ஓவியர்கள் கைக்கு அது வந்திருக்கவே இல்லை!

சாயத்தைச் சுரண்டாமல் இதை அறிய ஒரு வழி எக்ஸ்ரே. அது படும்போது அணுவின் உள்வட்ட எலக்ட்ரான் ஒன்று தெறித்துப்போகும். அந்தக் காலியிடத்துக்கு வெளிவட்ட எலக்ட்ரான் இறங்கும்போது, மிஞ்சும் ஆற்றல் கதிராக வெளியேறும். அந்த ஆற்றல் ஈயத்துக்கு ஓர் அளவு, துத்தநாகத்துக்கு வேறு, டைட்டானியத்துக்கு வேறு; அதை வைத்தே எது இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பாதரசமும் ஆன்டிமனியும் எங்கெங்கே இருக்கின்றன என்று இதே முறையில் தேடித்தான், 2008-ல் வான்கோவின் புல்வெளி ஓவியத்துக்கு அடியில் புதைந்திருந்த பெண் முகத்தை மீட்டார்கள்.

அந்தப் போலிக் குதிரை ஓவியத்தை வரைந்த வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி லேசுப்பட்டவர் அல்ல. பழைய ஓவியங்களை வாங்கி, சாயத்தைச் சுரண்டிவிட்டு அதே துணியில் வரைவார். மனைவிக்குப் பாட்டி வேஷம் போட்டு, ஓவியங்களுக்கு ஆதாரமாக ‘பழைய’ போட்டோகூட எடுத்தார். அவரைக் கவிழ்த்தது கடையில் வாங்கிய துத்தநாக வெள்ளை டியூப். அதில் டைட்டானியமும் கலந்திருந்ததை லேபிளில் போடவில்லை. 2011-ல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.